விடுபட்ட சிறுவனின் சாட்சியம்

திறனாய்வு என்றால் ஒரு கவிதைத் தொகுப்பையோ புதினத்தையோ எடுத்துக்கொண்டு பேசுவதே நம் இதழின் வழக்கம். இம்மாதம் நான் எடுத்துக்கொள்வது ஓர் ஆய்வு நூல். அதுவும் 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 600 பக்கங்களுக்கு மேல் நீளும் அந்நூலை எழுதியவர்கள் எட்வின் பவர்ஸ், ஹெலன் விட்மர் என்னும் இருவர். சிறார் குற்றத்தைத் தடுக்கும் பொருட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் அடுத்தடுத்த இரு நகரங்களில் நடத்தப்பட்ட ஒரு சோதனை முயற்சியின் வரலாறு அது. அதனோடு, 27 ஆண்டுகள் கழித்து, 1978-இல் ஜோன் மெக்கார்ட் என்னும் அம்மையார் அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் இதழில் எழுதிய சில பக்கக் கட்டுரை ஒன்றையும் சேர்த்து வாசிக்கிறேன். அப்பெருநூலுக்குக் கிடைத்த மிகக் கடுமையான மதிப்புரை அச்சிறு கட்டுரைதான் என்பது என் எண்ணம். அம்மையார் அதை மதிப்புரையாக எழுதவில்லை என்பது வேறு செய்தி.

குற்றவியல் ஆய்வு நமக்கெதற்கு என்று வாசகர் முகம் சுளிக்கலாம். பங்குதோறும் இளையோர் மன்றம், கோடை முகாம், மாலை நேர வகுப்பு, வீடு சந்திப்பு என்று எத்தனையோ செய்கிறோம். அவற்றால் யாருக்கு என்ன விளைந்தது என்று கேட்டால் நம்மிடம் இருப்பது நிழற்படமும் நன்றிக் கடிதமும் மட்டுமே. அந்த நன்றிக் கடிதத்தைக் குறித்துத்தான் இவ்விரு எழுத்துகளும் பேசுகின்றன.

கதையின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு மருத்துவர். பாஸ்டன் நகரத்து ரிச்சர்டு கிளார்க் கேபட். மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளியின் வீட்டையும் வறுமையையும் அறியாமல் அவனுக்கு மருந்து எழுதுவது வீண் என்று உணர்ந்து, 1905-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சமூகப் பணியாளர்களை அமர்த்தியவர். இன்னொன்றும் செய்தார். 3000 பிணக்கூறாய்வுகளின் முடிவுகளை எடுத்து, அந்நோயாளிகள் உயிரோடு இருந்தபோது மருத்துவர்கள் கண்ட நோய் எது, இறந்தபின் உடல் காட்டிய நோய் எது என்று ஒப்பிட்டு, தம் தொழிலார் எங்கெங்கே தவறினார்கள் என்பதை 1912-இல் அச்சில் போட்டார். சக மருத்துவர்கள் அவரை எவ்வளவு விரும்பியிருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சமூக அறவியல் பேராசிரியராய் அமர்ந்தபோதும் அந்தக் குணம் அவரை விட்டுப் போகவில்லை. 1931-இல் சமூகப் பணியாளர் மாநாட்டின் தலைவராய்ப் பேசியபோது, நீங்கள் செய்வதன் பயனை அளந்து பாருங்கள் என்று அவர்களை வற்புறுத்தினார்.

அளந்து பார்த்தவர்கள் கண்டதோ கசப்பு. ஷெல்டன் குளூக், எலினார் குளூக் தம்பதியர் 1934-இல் வெளியிட்ட நூலில், பாஸ்டன் சிறார் நீதிமன்றத்திலிருந்து சிறந்த மனநல நிலையம் ஒன்றின் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட ஆயிரம் சிறுவர்களைப் பின்தொடர்ந்து, ஐந்தாண்டுக்குள் நூற்றுக்கு 88 பேர் மீண்டும் குற்றத்தில் விழுந்தனர் என்று காட்டினர். நீதிமன்றத்தில் நிற்கும் வயதில் பிடித்தால் காலம் கடந்துவிட்டது என்று கேபட் முடிவு செய்தார். பத்து வயதில், தவறு முற்றுமுன், பொறுப்புள்ள ஒரு பெரியவரை அவனுக்கு நிலையான நண்பராய்க் கொடுத்தால்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இத்திட்டம்.

இன்று பல்கலைக்கழகமும் காவல்துறையும் இணைந்து ஆய்வு செய்வது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இதுவும் பல நிறுவனங்கள் கைகோத்த ஒரு கூட்டு முயற்சியே. பள்ளிகள், நலப்பணி நிறுவனங்கள், கோயில்கள், காவல்துறை ஆகிய யாவும் சிறுவர்களின் பெயர்களைக் கொடுத்தன. முரடர்கள் என்று கருதப்பட்டவர்களை மட்டுமன்றி, சாதாரணச் சிறுவர்களையும் சேர்த்தே கேட்டு வாங்கினார்கள். திட்டத்தில் சேர்வதே ஒரு கெட்ட பெயராகிவிடக் கூடாது என்னும் கரிசனை அது. வயது, அறிவுத்திறன், குடும்பச் சூழல், வீடிருக்கும் தெரு ஆகியவற்றால் ஒத்த இருவர் இருவராய் இணை சேர்த்தார்கள். பிறகு காசைச் சுண்டினார்கள். ஒருவனுக்கு வழிகாட்டி கிடைத்தார். மற்றவனுக்கு ஒன்றும் இல்லை. இறுதிக் கணக்கில் நின்றவர்கள் பக்கத்துக்கு 253 பேராக 506 சிறுவர்கள்.

காசு சுண்டியது பலருக்கு உறுத்தும். எனக்கும் உறுத்தியது. திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. அவரோடு நிறுத்தப்பட்ட பர்சபா எனப்படும் யோசேப்பு அதன்பின் என்ன ஆனார் என்று நூல் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேபட்டின் திட்டத்தில் வழிகாட்டிகளின் எண்ணிக்கைக்கு எல்லை இருந்தது. எப்படியும் பலர் விடுபடத்தான் வேண்டும். விடுபடுபவனை வேண்டியவர் வேண்டாதவர் பார்த்து விலக்காமல் காசிடம் விட்டதில் ஒரு நேர்மை உண்டு. அதனினும் பெரிது, விடுபட்டவனின் பெயரையும் ஏட்டில் எழுதி வைத்தது.

உதவி பெற்ற சிறுவர்களின் சராசரி வயது பத்து. வழிகாட்டி மாதம் இருமுறை வீட்டுக்குப் போனார். சராசரியாக ஐந்தாண்டுக் காலம் இது தொடர்ந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு உடல், மன மருத்துவம் கிடைத்தது. நான்கில் ஒரு பங்கினர் கோடை முகாம்களுக்குப் போனார்கள். சாரணர் இயக்கம், இளைஞர் சங்கம் முதலியவற்றோடு இணைத்துவிட்டார்கள். நம் பங்குகளில் ஓர் அருட்பணியாளர் கனவு காணக்கூடிய அத்தனையும் அங்கே பணத்தோடும் பயிற்சியோடும் நடந்தன. திட்டம் முழுவீச்சில் தொடங்கிய 1939-இலேயே கேபட் இறந்துபோனார். போர் வந்தது, வழிகாட்டிகள் பலர் அதற்குப் போனார்கள், சிறுவர்களுக்கு ஆள் மாறி ஆள் வந்தார்கள். 1945-இல் திட்டம் முடிந்தது.

இனி நூலுக்கு வருவோம். முதற்பகுதி பவர்ஸ் எழுதியது. இரண்டாம் பகுதி விட்மர் எழுதியது. திட்டத்துக்குள் இருந்தவர் பவர்ஸ். வெளியிலிருந்து வந்து ஏடுகளைப் படித்துத் தனியே மதிப்பிட்டவர் விட்மர். ஒரே அட்டைக்குள் வழக்குரைஞரையும் நடுவரையும் உட்கார வைத்த துணிவு பாராட்டத்தக்கது. நம் ஆண்டறிக்கைகளில் இப்படி ஒரு வழக்கம் வந்தால் எத்தனை பக்கம் மிஞ்சும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பவர்ஸின் நடை நிதானமானது. சிறுவர்களின் பெயர்களை மாற்றி, வழிகாட்டிகள் அவ்வப்போது எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு அவர்களை நம் முன் நிறுத்துகிறார். அங்கேதான் நூலின் பலமும் பலவீனமும் ஒருங்கே கிடக்கின்றன. சிறுவனை நாம் பார்ப்பதெல்லாம் வழிகாட்டியின் கண்ணால். அவன் சிரித்தால் வழிகாட்டிக்குச் சிரித்தான். முரண்டு பிடித்தால் வழிகாட்டியிடம் முரண்டு பிடித்தான். வழிகாட்டி வண்டியேறிப் போனபின் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அறிய வழியில்லை. புதினம் எழுதுபவன் இந்த இடத்தில் கற்பனையைத் துணைக்கு அழைப்பான். ஆய்வாளர் அழைக்கக் கூடாது. ஆகவே அந்த இடைவெளி இடைவெளியாகவே நிற்கிறது. இத்தனை நிறுவனங்கள் கைகோத்த முயற்சியில் கூட்டாளிகளின் பட்டியலில் சிறுவனும் இல்லை, அவன் தாயும் இல்லை. பெயர் கொடுத்தவர்கள் பிறர். திட்டம் தீட்டியவர்கள் பிறர். குறிப்பு எழுதியவர்களும் பிறர். உனக்கு என்ன வேண்டும் என்று அவனிடம் முதலில் கேட்டிருந்தால் நூலின் போக்கே மாறியிருக்கும்.

கதைகளைப் படித்துக்கொண்டே போகும்போது திட்டம் வென்றுவிட்டது என்னும் எண்ணம் நமக்கு வலுக்கிறது. வழிகாட்டிகளும் அப்படியே நம்பினார்கள். தாம் பார்த்த சிறுவர்களுள் பெரும்பாலோர் பயனடைந்தனர் என்று கூறினர். உதவிக் குழுவை மட்டும் வைத்துக்கொண்டு பவர்ஸ் நூலை முடித்திருந்தால் அது ஒரு வெற்றிக் காவியமாய் நிலைத்திருக்கும். அவர் அப்படி முடிக்கவில்லை. காசு கைவிட்ட அந்த 253 பேரை ஏட்டிலிருந்து எழுப்பிக் கூட்டி வருகிறார். நீதிமன்றம் சென்றவர்கள் உதவி பெற்றோரில் 96 பேர்; பெறாதோரில் 92 பேர். குற்றங்களின் எண்ணிக்கை 264-க்கு 218. வழிகாட்டி வந்தாலும் வராவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றது கணக்கு. நூல் முழுவதும் ஒரு சொல்லும் பேசாத, ஒரு கதையிலும் தலைகாட்டாத அந்த விடுபட்ட சிறுவனே இறுதியில் சாட்சிக் கூண்டில் ஏறி, கதைகள் அனைத்தையும் நிறுத்திவிடுகிறான். நான் படித்த எந்தப் புதினத்திலும் மௌனப் பாத்திரம் ஒன்றுக்கு இத்தகைய இடம் வாய்த்ததில்லை.

விட்மரின் பகுதி வறண்டது, ஆனால் கூரியது. எங்கே உதவி பயன்பட்டது என்று தேடிப் போகிறார். பெற்றோர் ஓரளவு பொறுப்புடையவர்களாய், சிறுவன் உதவியை விரும்பியவனாய், சிக்கல் மிக ஆழமற்றதாய் இருந்த இடங்களில் பயன்பட்டது என்கிறார். எளிய நோய்க்கு மருந்து வேலை செய்தது என்பதே இதன் பொருள். நூலுக்கு முன்னுரை தந்த ஹார்வர்டு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், காலம் செல்லச் செல்ல நற்பயன் வெளிப்படக்கூடும் என்று நம்பிக்கையை எதிர்காலத்தின் மேல் ஏற்றினார். அதில் தவறில்லை. விதைத்தவன் உடனே கதிர் கேட்க முடியுமா? அறப்பணி செய்யும் எல்லாரும் சோர்வுற்ற வேளையில் சொல்லிக்கொள்வது இதுவே. நானும் எத்தனையோ முறை மறையுரையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் யாரும் திரும்பிப் போய்க் கதிரைப் பார்ப்பதில்லை.

மெக்கார்ட் அம்மையார் திரும்பிப் போனார். 1950-களிலேயே தம் கணவர் வில்லியம் மெக்கார்டுடன் அந்த ஏடுகளில் ஆய்வு செய்தவர். 1975-க்குப் பிறகு மீண்டும் அந்த 506 பேரைத் தேடத் தொடங்கினார். பத்து வயதுச் சிறுவர்கள் நடுத்தர வயதினராய் நாடெங்கும் சிதறியிருந்தார்கள். தொலைபேசி, நகர முகவரி ஏடுகள், வாகனப் பதிவுகள், திருமணப் பதிவுகள், இறப்புப் பதிவுகள் என்று ஒவ்வொன்றாய்த் துருவி, மிகப் பெரும்பாலோரைக் கண்டுபிடித்தார். கணினி மேசைக்கு வராத காலத்தில் இது சாதாரண உழைப்பன்று.

உதவி பெற்றவர்களிடம் கேட்டபோது மூன்றில் இரு பங்கினர் அத்திட்டம் தமக்கு நன்மை செய்தது என்றார்கள். தெருவில் அலையாமல் காத்தது, அக்கறையுள்ள ஒரு பெரியவரைத் தந்தது என்று அன்போடு நினைவுகூர்ந்தார்கள். இவை பொய்யல்ல. நன்றி உண்மையானது. நாம் அறிக்கை எழுதினால் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து ஆயருக்கு அனுப்பியிருப்போம்.

அம்மையார் அடுத்த ஏட்டைத் திறந்தார். குற்றப் பதிவு உடையவர்கள் இரு குழுவிலும் ஏறத்தாழச் சமம்: உதவி பெற்றோரில் 182, பெறாதோரில் 183. ஆனால் அவர்களுள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம் செய்தவர்கள் உதவி பெற்றோரில் நூற்றுக்கு 78, பெறாதோரில் 67. குடிநோயின் அறிகுறிகள், கடுமையான மனநோய், உளைச்சலால் வரும் உடல்நோய் ஆகியன உதவி பெற்றோரிடமே மிகுந்து காணப்பட்டன. அவர்கள் பார்த்த வேலைகள் மதிப்பில் சற்றுத் தாழ்ந்தவை; அந்த வேலையில் அவர்களுக்கு நிறைவும் குறைவு. இறந்தவர்களுள் உதவி பெற்றோர் இளவயதில் இறந்திருந்தனர். பின்னர் செய்த ஆய்வுகளில், நீண்ட காலம் உதவி பெற்றவர்களிடம் தீங்கும் கூடுதலாய் இருந்தது என்று கண்டார். மருந்தின் அளவு கூடக் கூட நோயும் கூடியது என்றால், குற்றவாளி மருந்தே என்று எந்த மருத்துவரும் சொல்வார். கேபட் உயிரோடிருந்தால் முதலில் சொல்லியிருப்பார்.

கட்டுரையின் நடையைப் பற்றி ஒரு சொல். உரத்த குரல் எங்கும் இல்லை. நல்லெண்ணம் கொண்டவர்களை ஏளனம் செய்யும் தொனியும் இல்லை. சான்றுகளை ஒவ்வொன்றாய் மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்கிறார். நம் தமிழ்த் திறனாய்வாளர்களுள் சிலர் இந்த அடக்கத்தைக் கற்றுக்கொண்டால் நன்று. பிறர் நூலில் குறை கண்டால் வெடி வெடிப்பது நம் பழக்கமாகிவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று என்னும் கேள்விக்கு அம்மையார் அன்று தந்த விடைகள் ஊகங்களே. வழிகாட்டியின் விழுமியங்களுக்கும் வீட்டின் விழுமியங்களுக்கும் இடையில் சிறுவன் கிழிபட்டிருக்கலாம். பிறர் துணையையே நம்பப் பழகியவன் அது நின்றதும் நிலைகுலைந்திருக்கலாம். பெரிதாய் வளர்த்துவிட்ட எதிர்பார்ப்பை வாழ்க்கை நிறைவேற்றாமல் போயிருக்கலாம். 'எனக்கு உதவி வேண்டியிருக்கிறது என்றால் என்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறது' என்று அவனே எண்ணிக்கொண்டிருக்கலாம். நான்கும் நமக்குத் தெரிந்தவையே. விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளிடம் நான் நான்கையும் பார்த்திருக்கிறேன்.

உறுதியான தடயம் பின்னால் கிடைத்தது, எதிர்பாராத இடத்தில். கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் போன சிறுவர்களிடமே தீங்கு பெரிதும் குவிந்திருந்தது. முகாமுக்கே போகாதவர்களுக்கும் அவர்களது இணைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. 1999-இல் வேறு இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து மெக்கார்ட் எழுதிய கட்டுரை இதை விளக்குகிறது: ஒழுங்கு தவறும் சிறுவர்களை ஓரிடத்தில் கூட்டினால், ஒருவன் தன் குறும்பைச் சொல்ல மற்றவர்கள் சிரித்து ஊக்குவிக்கிறார்கள், அச்சிரிப்பே பயிற்சியாகிறது. வழிகாட்டியின் ஐந்தாண்டு அறிவுரையைவிட, முகாமில் விளக்கணைத்தபின் நடந்த பேச்சு வலியதாய் இருந்திருக்கிறது.

மெக்கார்டின் முடிவுகளே கடைசிச் சொல் என்று கொள்ளவும் கூடாது. அவர் 2004-இல் காலமானார். அதே 506 பேரின் இறப்புப் பதிவுகளை வேறு ஆய்வாளர்கள் தேடி, 72 ஆண்டுப் பின்தொடர்தலின் முடிவை 2019-இல் வெளியிட்டனர். இறப்பைப் பொறுத்தவரை இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அவர்கள் கண்டார்கள். நடுவயதில் தெரிந்த இடைவெளி முதுமையில் மூடிக்கொண்டது போலும். தீங்கு அம்மையார் அஞ்சிய அளவுக்கு ஆயுள் முழுதும் நீளவில்லை; நன்மையோ எந்த அளவிலும் தென்படவில்லை. பவர்ஸ் காசு சுண்டிய ஏட்டைக் கிழித்தெறியாமல் வைத்திருந்ததால் அல்லவோ முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் இதைத் திருத்த முடிந்தது!

என் நண்பரான அருட்பணியாளர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்றிருக்க, நீர் கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறீரே" என்றார். ஆண்டவர் சொன்னது பிறர் புகழைத் தேடிச் செய்யும் தருமத்தைப் பற்றி. இங்கே கணக்கு கேட்பது புகழுக்காக அன்று. புகழைக் கெடுத்துக்கொள்ளவும் துணிந்து, அந்தச் சிறுவனுக்காக. நல்ல சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்ததோடு போய்விடவில்லை, திரும்பி வரும்போது மிகுதியைத் தருவதாகச் சொல்லிப் போனார். அவர் திரும்பி வந்திருந்தால் காயம் ஆறியதா, புரையோடியதா என்பதையும் பார்த்திருப்பார் அல்லவா என்று நண்பரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் காபியைக் குடித்தார்.

நூலை மூடியபின் எனக்கு ஒரு பழைய கோடை நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், கவனிப்பு தேவைப்படும் சிறுவர்கள் என்று உபதேசியாரும் பள்ளித் தலைமையாசிரியரும் ஊர்க் காவல் நிலையத்தில் இருந்தவர்களும் சேர்ந்து பெயர் கொடுத்தார்கள். அவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து மலைமேல் பத்து நாள் முகாம் நடத்தினேன். அதை என் பணியின் சிறந்த கோடை என்றே இதுவரை எண்ணி வந்தேன். கடைசி நாள் இரவில் பிள்ளைகள் அழுதார்கள், நானும் அழுதேன். அவர்கள் எழுதிய கடிதங்கள் இன்றும் என் பெட்டியில் இருக்கின்றன.

சென்ற மாதம் அதே பெட்டியின் அடியில் முகாமுக்குப் பெயர் பதிந்த குறிப்பேட்டைக் கண்டெடுத்தேன். முப்பது பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் குறி. குறியில்லாத பெயர்கள் பதினொன்று. பக்கத்தில் என் கையெழுத்தில், 'வண்டியில் இடமில்லை'. அந்தப் பதினொருவரில் ஒருவரை மட்டும் உபதேசியாரின் மகன் வழியாகக் கண்டுபிடித்திருக்கிறேன். பக்கத்து மாவட்டத்தில் மின்கம்பி வேலை பார்க்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். மலை முகாமைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்றுக்குப் பெயர் கொடுத்ததே தமக்கு நினைவில்லை என்றார்.